சகீனேயின் கட்டம்

இத்தாலியில், கால்சா என்ற நகர்ப்பகுதியில் இருக்கும் அந்தப் பழைய மாளிகையின் மூன்றாம் மாடிக்கு அமலினி மூச்சு வாங்க ஏறி வந்தபோது பிற்பகல் மூன்று மணி. வெளியே சிரோக்கோ வீசிக்கொண்டிருந்தது. பாலைவன மண்ணை வாரிக்கொண்டு வரும் அந்த வெக்கைக் காற்றுக்காக ஜன்னல் பலகைகளை எல்லாம் சாத்தியிருந்தார்கள். பட்டப்பகலில் கூடம் இருண்டு கிடந்தது. ஈரக் கம்பளியின் வாடை மூக்கில் ஏறியது.

நேற்றுவரை இந்த வாடை இல்லை.

பழைய பாரசீகக் கம்பளங்களின் கிழிசலைச் சரிசெய்வதுதான் அமலினியின் வேலை. ஏழு வருடப் பழக்கத்தில், முதுகைப் புரட்டிப் பார்த்தாலே ஊரைச் சொல்லிவிடுவாள். கொக்கியால் இழுத்துப் போட்ட இரட்டைச் சுற்று முடிச்சு என்றால் தப்ரீஸ். மடிக்க விடாமல் பலகைபோல் விறைத்துக்கொண்டு நின்றால் பிஜார். விரலால் போட்ட ஒற்றைச் சுற்று முடிச்சு, வரிசைக்கு வரிசை மூன்று ஊடை, பூவும் கொடியுமாக இழையும் வேலைப்பாடு என்றால் கெர்மான். பகேரியாவில் ஒரு வீட்டிலிருந்து வந்து கூடத்தின் நடுவில் விரிந்து கிடந்தது கெர்மான்தான். நூற்றிருபது வயதாவது இருக்கும்.

அதன் மேல்கரையில், சின்னக் கட்டம் ஒன்றுக்குள், நெய்தவளின் பெயர் இருந்தது. கடைக்காரி சின்யோராவுக்கு அந்தப் பாரசீக எழுத்து வாசிக்கத் தெரியும். "சகீனே," என்று வாசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "யாருக்குத் தெரியும் இவளை? இதைப் பிடுங்கிவிட்டு ஒரு பெரிய பட்டறையின் பெயரைப் போடு, மரீயா."

அமலினி என்ற பெயர் அவள் வாயில் நுழையாதாம். ஏழு வருடமாக மரீயா! கேட்கும்போதெல்லாம் அமலினிக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வெள்ளிக்கிழமை அவள் குவெஸ்தூரா என்ற போலீஸ் அலுவலகத்துக்குப் போய், தங்கும் அனுமதிச் சீட்டான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க வேண்டும். வேலை ஒப்பந்தத்தில் சின்யோராவின் கையெழுத்து இல்லாவிட்டால் இந்த நாட்டில் இருக்க அனுமதி கிடைக்காது. அந்தத் தாள் நான்கு வாரமாக மேசையில் கிடக்கிறது. "முதலில் பெயரை மாற்று, பிறகு கையெழுத்து" என்று ஒரே பிடியாக நின்றாள் சின்யோரா. நேற்று, செவ்வாய்க்கிழமை, அமலினி பல்லைக் கடித்துக்கொண்டு சகீனேயை முடிச்சு முடிச்சாகப் பிடுங்கி எடுத்தாள். பட்டறையின் பெயரில் பாதியைக் கட்டி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

இன்று அவள் கட்டிய முடிச்சுகள் எல்லாம் தரையில் ஒரு சிறு குவியலாகக் கிடந்தன. யாரோ துப்பியதுபோல ஈரமாக.

கட்டத்துக்குள் சகீனேயின் பெயர் திரும்பி வந்திருந்தது.

படிக்கட்டுக் கழுவும் செல்வமலர் வாளியோடு வாசலில் நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை.

"பிள்ளை," என்று குசுகுசுத்தாள். "உதுக்குள்ள ஆரோ பாடிக்கொண்டு இருந்தவை. பாட்டெண்டும் சொல்லேலாது. ஒரு சொல்லு, பிறகு பேசாமல் இருக்கிறது. பிறகு இன்னொரு சொல்லு."

"சின்யோராவா இருக்கும் அக்கா."

"அவ வெளியில போயிட்டா. நான் கண்டனான்."

அமலினி திரும்பிக் கம்பளத்தைப் பார்த்தாள். கெர்மான் தறிகளில் ஒருவர் நிறங்களைப் பாட்டாகச் சொல்வார். தறியில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு முடிச்சுப் போடுவார். செல்வமலருக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை.

செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பளத்தில் ஏறிக் குனிந்து தடவினாள். கம்பளியிழை எப்போதும் நெய்யத் தொடங்கிய பக்கமாகவே சாய்ந்திருக்கும். அந்தப் பக்கம் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் சொரசொரக்கும். எந்த ஊர்க் கம்பளமானாலும் அது மாறாது. நேற்று இழைகள் ஜன்னலைப் பார்த்துச் சாய்ந்திருந்தன.

இன்று சின்யோராவின் நாற்காலியைப் பார்த்துச் சாய்ந்திருந்தன.

படியில் குதிகாலணிச் சத்தம் கேட்டது. சின்யோரா வந்தாள், கட்டத்தைப் பார்த்தாள், முகம் சிவந்தது. "நீ இன்னும் எடுக்கவே இல்லையா?"

"எடுத்தேன். அது திரும்பி வந்துவிட்டது," என்றாள் அமலினி இத்தாலிய மொழியில். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "நெய்தது அவள். அவள் பெயர்தான் இருக்கும். என் பெயரும் மரீயா இல்லை!"

"அப்படியா? வெள்ளிக்கிழமையோடு உன் ஊருக்கே போ." சின்யோரா கத்தரியை எடுத்துக்கொண்டு முழந்தாளிட்டாள்.

கத்தரி ஒருமுறை கடித்தது.

வெளியே காற்று நின்றது.

கம்பளத்துக்கு அடியில் ஒரு பெண்குரல் ஒரு சொல் சொன்னது. ஆத்திரத்தில் நடுங்கும் குரல்.

சின்யோரா அதைத் திருப்பிச் சொன்னாள்.

இன்னொரு சொல். இன்னொரு பதில். கத்தரி நழுவி விழ, அவளுடைய விரல்கள் வெறும் காற்றில் முடிச்சுப் போடத் தொடங்கின. குரல் வேகம் பிடித்தது, விரல்களும் வேகம் பிடித்தன. நகக்கண்ணில் ரத்தம் கசிந்தது. கண்கள் மட்டும் அமலினியைப் பார்த்துக் கெஞ்சின.

பிறகு குரலும் விரல்களும் ஓய்ந்தன. சின்யோரா தரையில் சரிந்து உட்கார்ந்தாள்.

"ஆளைப் பிடி பிள்ளை! அம்புலன்சுக்கு அடிப்பம்!" என்று செல்வமலர் கத்தினாள்.

அமலினி மேசைக்கு ஓடினாள். ஏழு வருடக் கோபம் அவளைப் பிடித்துத் தள்ளியது. தாளையும் பேனாவையும் கொண்டுவந்து சின்யோராவின் மடியில் வைத்தாள்.

"இப்ப போடுங்கோ கையெழுத்தை!" தமிழில் கத்துகிறோம் என்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

சின்யோரா மறுபேச்சில்லாமல் போட்டாள். பேனா வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் நகர்ந்தது.

செல்வமலர் வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தாள். "என்ன எழுதி வைச்சிருக்கிறா?"

அமலினிக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் அதன் ஒவ்வொரு வளைவும் தெரியும். நேற்று அவளே பிடுங்கியது.

"உங்கள் பெயரை எழுதுங்கள்!" என்று சின்யோராவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "உங்கள் பெயர் என்ன?"

"சகீனே," என்றாள் சின்யோரா. அவளுக்கு வேறு பெயர் இருந்ததாகவே தெரியவில்லை.

தாளைக் கசக்கி எறிந்துவிட்டு, வெறுங்காலால் அமலினி கம்பளத்தை ஓங்கி உதைத்தாள். "உன்ர பேரை எடுக்கச் சொன்னது அவதானே! நான் என்னடி செய்தனான் உனக்கு?"

காலடியில் ஏதோ புரண்டது. குனிந்து பார்த்தாள். நாலாபக்கத்து இழைகளும் அவளுடைய பாதங்களைப் பார்த்துச் சாய்ந்திருந்தன.

கம்பளத்துக்கு அடியில் அந்தக் குரல் ஒரு சொல் சொல்லிவிட்டு, அவளுடைய பதிலுக்குக் காத்திருந்தது.