ஒன்றிலும் மூன்றிலும்

காலியாக இருக்க வேண்டிய இடத்தில் சத்தம் கேட்டது.

கம்பி ஆடித் தாளம் தட்டும் மெட்ரோனோமை அக்கா எப்போதும் பாதி வேகத்தில்தான் வைப்பாள். ஜாஸ் வாசிக்கிறவர்களின் பழக்கம் அது. நான்கு அடிகளில் இரண்டாவதுக்கும் நான்காவதுக்கும் மட்டும் அது 'டக்' என்னும்; ஒன்றையும் மூன்றையும் வாசிக்கிறவர்தான் மனதுக்குள் நிரப்பிக்கொள்ள வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஜன்னல்களைச் சாத்திவிட்டு, தன்னைவிட உயரமான டபுள் பாஸைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் தந்தியைத் தொட்டபோது, அந்த ஒன்றும் மூன்றும் சும்மா இருக்கவில்லை. முதுகுக்குப் பின்னால், கூடத்தின் மறுகோடியில், வாசல் கதவுப் பக்கம், யாரோ பார்த்துப் பார்த்துக் கால் வைப்பதுபோல் ஏதோ தரையில் பட்டது.

மரத்தரை, அப்படித்தான் முனகும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நாளைக்குக் கச்சேரி. குழுவில் எல்லோருக்கும் அவள் அக்கா. உண்மையில் டிரம்மருக்கு மட்டும்தான் அக்கா. அந்த டிரம்மர் இப்போது இல்லை.

"புதுசா வர்றவர் நல்லா வாசிப்பார்க்கா, ரூலர் வெச்சுக் கோடு போட்ட மாதிரி," என்று காலையில் சாக்ஸபோன்காரர் போனில் சொன்னார். "நீங்களும் வரலைன்னா குழுவைக் கலைச்சிட வேண்டியதுதான்."

ரூலரோடு அவள் எங்கே வாசித்தாள்? பதினெட்டு வருஷம் தம்பியோடு அல்லவா வாசித்தாள். தம்பி மெதுவாக வாசிக்கிறவன் இல்லை, பின்னால் வாசிக்கிறவன்; இரண்டும் வேறு. வேகம் அதேதான். ஆனால் ஒவ்வொரு அடியிலும் அதன் கடைசி ஓரத்தில், சாய்வு நாற்காலியில் சாய்கிறவன்போல் போய் உட்காருவான். இவள் முன்னால் ஓடுவாள், அவன் பிடித்து இழுப்பான். நடுவில் விழுகிற அந்த மயிரிழை இடைவெளியில்தான் கேட்கிறவர்கள் தங்களை அறியாமல் தலையை ஆட்டுவார்கள். "பஸ் ஒண்ணும் போயிடாதுக்கா, மெல்ல வா," என்று கண்ணடிப்பான்.

கடைசி வருஷம் அந்த இடைவெளி அகன்றது. முதலில் எல்லோரும் ரசித்தார்கள், என்ன ஒரு நிதானம் என்று. பிறகு பாட்டே தள்ளாடியது. குடிக்கிறான் என்று நினைத்தாள். திமிர் என்று நினைத்தாள். ஒருநாள் ஒத்திகையில், அத்தனை பேர் முன்னால், "உன் பொணத்தை என்னால தூக்கிட்டு நடக்க முடியாதுடா. இனிமே வராதே," என்று வாய் கூசாமல் சொன்னாள். அவன் குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டு போனான். ஒரு காலை இழுத்து இழுத்துப் போனதைக்கூட அவள் கவனிக்கவில்லை. மூளையில் கட்டி என்று ஆறு வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்போது அவனுக்கு அக்காவை அடையாளம் தெரியவில்லை. அவள் மன்னிப்புக் கேட்காமலேயே அவன் கண்ணை மூடிவிட்டான்.

மறுபடி வாசித்தாள். அடி. டக். இழுவை. டக். ஒன்றில் ஒரு கால் பதிந்தது. மூன்றில் இன்னொரு கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. இரண்டும் துளி தாமதம். உலகத்திலேயே ஒருத்தன்தான் அப்படித் தாமதமாக வருவான்.

நிறுத்தினாள். அதுவும் நின்றது. மருந்து நெடி வந்தது. ஆஸ்பத்திரிப் போர்வையின் நெடி. ஓடிவிடலாம் என்று கால் துடித்தது. ஆனால் ஓட வேண்டுமென்றால் வாசல் பக்கம்தான் ஓட வேண்டும். அதைவிட, ஓடினால் இன்னொரு முறை அவனை விட்டுவிட்டுப் போனதாகும். திரும்பிப் பார்க்காமல் தந்தியை மீட்டினாள்.

அடி. டக். இழுவை. டக்.

பாதிக் கூடம் தாண்டியது. பிறகு தடுமாறியது. இந்த வேகத்துக்கு அந்தக் கால்களால் வர முடியவில்லை.

"அக்கா... மெல்ல."

அவன் குரல்தான். ஒவ்வொரு எழுத்தும் பிந்தி வந்தது.

வலது கை மீட்டிக்கொண்டிருக்க, இடது கையால் மெட்ரோனோம் கம்பியின் எடையை மேலே தள்ளினாள். அறுபது. ஐம்பது. அவள் மூச்சும் நெஞ்சுத் துடிப்பும் கூடவே தணிந்தன. கால் விரல்கள் சில்லிட்டன. நாற்பது. அதற்குக் கீழே எண் கிடையாது.

"உனக்கு உடம்பு சரியில்லேன்னு தெரியாதுடா," என்றாள். அழுகை வந்தது. "சத்தியமா தெரியாதுடா."

இழுவை. மிக அருகில். ஒரு கை தூரம்.

"இன்னும்... மெல்ல."

"இதுக்கு மேல இல்லடா தம்பி."

அது காத்து நின்றது.

ஒரு விரலை நீட்டிக் கம்பியைத் தொட்டாள். ஊசல் நின்றது.

அடுத்த காலடி சரியான நேரத்தில் விழுந்தது.

நெஞ்சில் ஒரு துடிப்பு. இன்னொன்று வர வேண்டும். வரவில்லை. சாக்ஸபோன்காரர் நினைவுக்கு வந்தார். நாளைக்குக் கச்சேரி. பயம் குபீரென்று ஏறியது. விரலை எடுக்கப் பார்த்தாள்.

அதன்மேல், கம்பியோடு சேர்த்து அழுத்தியபடி, இன்னொரு விரல் இருந்தது.