வடிவாக் கீறச் சொல்லு

தான் கீறாத கோடு ஒன்று படத்தில் கிடப்பதை ஜெனீற்றா கஞ்சியை இறக்கிவிட்டு வந்தபோதுதான் கண்டாள். கன்னத்தில், கண்ணுக்குச் சற்றுக் கீழே, மயிரளவு மெல்லிய பென்சில் கோடு. படம் கீறத் தெரியாதவள் கீறினால் நாலு கோடு கூடத்தான் விழும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

எல்லாம் மகள் மெலிஷாவுக்காக. விடாத காய்ச்சல், இன்றைக்குத்தான் உடம்பு கொஞ்சம் குளிர்ந்திருந்தது. கார்ட்டூன் படத்தில் வரும் முட்டைக்கண் பொடியனைக் கீறித் தந்தால்தான் கஞ்சி குடிப்பேன் என்று அடம்பிடித்தாள். மூத்தது இரண்டும் தங்கவில்லை, இவள் ஒருத்திதான் மிச்சம். "இவளுக்கும் ஒண்டெண்டால் என்னாலை தாங்க ஏலாது" என்று படலையில் நின்று சொல்லிவிட்டுத்தான் புருஷன் அம்புறோஸ் கடலுக்குப் போயிருந்தான்.

ஆகவே அவள் கைபேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்துவைத்து, வீடியோவில் இந்தியாக்காரி ஒருத்தி சொன்னபடியே கீறினாள். நிறம் வேண்டாம், வெறும் கோடுதான். முதலில் வட்டம். நெற்றியிலிருந்து நாடிவரை ஒரு கோடு, கண்ணுக்குக் குறுக்கே இன்னொன்று. கண்கள்தான் சரிவரவில்லை. எத்தனை தரம் கீறினாலும் அவை மெலிஷாவின் கண்களாகவே வந்தன. பெற்றவளின் கைக்கு வேறு எந்தக் கண்ணைத் தெரியும்?

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கரண்ட் போய், மழைக்குப் பயந்து உள்ளே எடுத்துவைத்த கருவாட்டின் வாடை வீடெல்லாம் ஊறிக்கிடக்க, ஊர்காவற்றுறைக் கடலிலிருந்து வந்த வாடைக்காற்று வேலி ஓலைகளைப் போட்டு உரசிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள்ளே இன்னொரு சத்தம். சர்ர். சர்ர். அதுவும் ஓலைதான் என்று நினைத்தாள்.

அறைக்குள்ளிருந்து மெலிஷா கூப்பிட்டாள்.

"அம்மா, அந்தப் பொடியன் என்னைக் கீறுறான்."

ஜெனீற்றாவுக்குச் சந்தோஷத்தில் சிரிப்பே வந்துவிட்டது. படுத்த பாயில் கிடந்த பிள்ளை விளையாடத் தொடங்கிவிட்டாள்.

"அசையாமல் இரு பிள்ளை. வடிவாக் கீறச் சொல்லு."

சர்ர். சர்ர்.

"ஓம் அம்மா."

கைபேசி வெளிச்சத்தில் படத்தைத் திரும்பப் பார்த்தாள். கன்னத்தில் இப்போது நாலு கோடுகள். பார்த்துக்கொண்டிருக்கவே ஐந்தாவது ஒன்று நெற்றியில் தொடங்கி மெல்லக் கீழே இறங்கியது. பென்சில் அவள் கையில் இருந்தது.

கீறுறான்.

படமில்லை. பிள்ளையை.

தாளும் கையுமாக ஓடினாள். அறையில் வேறு ஒருவருமில்லை. யன்னல் சாத்தியபடி. மெலிஷா மல்லாந்து கிடந்தாள். கன்னத்தில் நாலு இரத்தக்கோடு. நெற்றியிலிருந்து நாடிவரை ஒன்று. கண்ணுக்குக் குறுக்கே இன்னொன்று.

"நான் அசையேல்லை அம்மா."

சர்ர். கழுத்தில் ஒன்று. தாளிலும் ஒன்று.

அழிறப்பரைத் தேடி எடுத்து அந்தக் கோட்டைத் தேய்த்தாள். பிள்ளையின் கழுத்துக் காயம் தடம் தெரியாமல் மறைந்தது. மாதாவே, மாதாவே. கன்னத்தைத் தேய்த்தாள். நெற்றியைத் தேய்த்தாள். சர்ர். தேய்த்தாள். கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. எந்தக் கோடு தன்னுடையது, எது அவனுடையது? யாருக்குத் தெரியும். எல்லாவற்றையும். தாள் வெள்ளையாகும்வரை.

சத்தம் நின்றது.

நிமிர்ந்தாள். காயம் ஒன்றுமே இல்லை. நெற்றியிலிருந்து நாடிவரை வழுவழுத்த வெறுந்தோல். கண்ணில்லை. மூக்கில்லை. வாயில்லை. நெஞ்சு மட்டும் மூச்சுக்குத் தவித்து ஏறி ஏறி எழும்ப, சின்னக் கைகள் இரண்டும் வாயிருந்த இடத்தைத் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தன.