மற்றவர்கள்

திரையில் முதலில் கண்ணை உறுத்தியது ஒரே ஒரு பிழைதான். புது இயங்குதளத்துக்கு மாறும்போது எதையெல்லாம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கணினி கேட்டிருந்தது. கோப்புகள், செயலிகள், மற்றவர்கள். 'மற்றவை' என்று வர வேண்டிய இடம். பதினாறு வருஷமாகப் பிழை திருத்திச் சோறு தின்கிறவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அஃறிணைக்கு எவனோ மரியாதை குடுத்திருக்கான், பாருங்க!" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"பாடம் அப்புறம் எடு," என்றார் கணவர். "மொத்தமா அழிச்சுட்டுப் போட்டுடாதே. பாப்பா ஃபோட்டோ பூரா அதுலதான் இருக்கு."

"அழிக்காமத்தான் மாத்துறேன். எனக்குத் தெரியாதா?"

முதல் இரண்டிலும் டிக் போட்டாள். மூன்றாவது என்ன இழவோ, ஏதாவது குப்பையாக இருக்கும் என்று விட்டுவிட்டு 'அடுத்து' என்பதை அழுத்தினாள். 'கணினியை அணைக்க வேண்டாம்' என்று வந்தது.

மதிய வெயில் மேசைவரை நீண்டு கிடக்க, வெங்காயம் நறுக்கும் சத்தமும், எண்ணெய் காயும் வாசனையும், கூடத்தில் ஏழு வயது மகள் கயிறு தாண்டிக்கொண்டே எண்ணும் குரலும் கணினி விசிறியின் உறுமலோடு கலந்து அவளைக் கண்ணயர வைத்தன. திரையில் முப்பது சதவீதம் ஏறியபோது கத்திச் சத்தம் நின்றது.

"என்னங்க?"

போய்ப் பார்த்தாள். பலகையில் பாதி வெங்காயம். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவர் செருப்பு வாசலிலேயே கிடந்தது, கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அடுப்பை நிறுத்திவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

"அப்பா எங்கடி?"

"எந்த அப்பாம்மா?" மகள் தாண்டுவதை நிறுத்தவில்லை. "நாப்பத்தொண்ணு. நாப்பத்திரெண்டு."

திரையிலும் நாற்பத்திரண்டு.

மேசைக்கு ஓடினாள். 'ரத்து' பொத்தான் மங்கிக் கிடந்தது. பிளக்கைப் பிடுங்கினாள். பேட்டரியில் ஓடியது. பவர் பொத்தானை விரல் வெளுக்க அழுத்தினாள். ஐம்பத்தொன்பது.

"எண்ணாதே கண்ணு! அம்மா சொல்றேன்ல!"

"நிறுத்த முடியலம்மா. கால் வலிக்குதும்மா."

ஓடிப்போய் வாரி இறுக்கிக்கொண்டாள். கைக்குள்ளேயே பிள்ளையின் கால்கள் உதைத்து உதைத்துத் தாண்டின. எண்பது. தோளுக்கு மேலே திரை தெரிந்தது. அதில் 'கணினியை' இல்லை. 'அணைக்க வேண்டாம்' மட்டும் இருந்தது.

அவள் விடவில்லை. எப்படி விடுவாள்? தொண்ணூறு. அழுகை. தொண்ணூற்றெட்டு. விக்கல்.

நூறு.

கயிறு தரையில் விழுந்தது. விசிறி அடங்கியது. சமையலறையில் கத்தி மறுபடி நறுக்கத் தொடங்கி, நின்றது. கணவர் சமையலறை நிலைப்படியில் வந்து நின்றார். கைக்குள் இருந்த மகள் மெல்ல நிமிர்ந்தாள். இரண்டு முகங்களிலும் ஒரே புன்னகை.

"வணக்கம்," என்றார்கள் ஒரே குரலில். "நீங்கள் யார் என்று சொல்லுங்கள்."

"அம்மாடி... நான் அம்மாடி."

மகள் யோசித்தாள். கண் இமைக்கவில்லை.

"தவறு," என்றாள். "இன்னும் இரண்டு முறை முயலலாம்."