மூன்றில் ஒரு பங்கு

மழை வீட்டின் மேல் முழுக்கப் பெய்துகொண்டிருந்தது. வாப்பாவின் புத்தக அறைக்கு மேலே மட்டும் சத்தமே இல்லை. அதே தகரக் கூரைதான், அதே கெலிஓயா மழைதான். மஃரிப் தொழுதுவிட்டுச் சமையலறைக்கு வந்த ரிப்காவுக்கு, ஒரு பக்கக் காதில் பஞ்சை அடைத்தது போலிருந்தது. ஈரமண் வாசத்தையும் மீறி, மூடிக்கிடந்த அந்த அறையிலிருந்து பழைய தாளின் வாடை வந்தது.

வாப்பா பளீல் மௌத்தாவதற்கு முதல் நாள் ரிப்காவையும் அவள் மூத்த சகோதரன் அஸ்ஃபர் நானாவையும் கட்டிலருகே கூப்பிட்டு, மரண சாசனமாக வாயாலேயே வஸிய்யத் சொன்னார். "எனக்குள்ள எல்லாத்திலயும் மூணில ஒரு பங்கு நான் படிச்ச கெம்பஸ்ட லைப்ரரிக்கு. மார்க்கம் அவ்வளவுதான் விடுது. மிச்சம் உங்களுக்கு."

வேறு யார் காதிலும் அது விழவில்லை. இறந்தவருக்கான கத்தம் ஓதி முடிந்த கையோடு நானா சொல்லிவிட்டார்: "நாங்க வாய் தொறக்காட்டி யாருக்குத் தெரியப் போகுது?"

ரிப்காவும் வாயைப் பூட்டிக்கொண்டாள். ஸக்கியா, அஹ்னாப், கடைக்குட்டி ஸாகி என்று மூன்று பிள்ளைகளை வைத்திருப்பவளுக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. இப்போது வெட்கத்தை விடப் பயம் பெரிதாக இருந்தது.

பாண் ரொட்டியைச் சுற்றியிருந்த தாளைப் பிரித்தாள். பாணில் ஒரு பக்கம் இல்லை. பூனை கடித்த மாதிரியில்லை, அளந்து வெட்டிய மாதிரி. காவலுக்கு ஆயத்துல் குர்ஸி வசனத்தை ஓதினாள். தூக்கத்தில் எழுப்பினாலும் ஓதுவாள். பாதி தாண்டி, இன்னும் கொஞ்சம் வந்து, நாக்கு நின்றது. திரும்ப ஓதினாள். அதே இடம். அதற்கப்பால் வெறுமை.

ஃபோனை எடுத்தாள். "நானா, நாளைக்கே கெம்பஸுக்குப் போய் உண்மையச் செல்லிருவோம். வாப்பா பங்கு எடுக்கிறாரு."

"மழைக்கு ஒளறாம புள்ளயளுக்குத் தின்னக் குடு."

பிள்ளைகள்.

எல்லாத்திலயும், என்றல்லவா சொன்னார்?

"ஸக்கியா! அஹ்னாப்! ஸாகி! ஓடி வாங்க!"

சின்னக் கால்கள் ஓடிவந்தன. நடுவில் எங்கோ ஒரு கதவு திறந்து மூடியது.

ஸக்கியா வந்தாள். அஹ்னாப் வந்தான். ரிப்கா இருவரையும் இறுகக் கட்டிக்கொண்டாள். போன உயிர் திரும்பி வந்தது. "அல்ஹம்துலில்லாஹ். எல்லாரும் ஈக்கிறீங்க."

மேசையில் பிள்ளைகளுக்கென்று மூன்று பீங்கான் வைத்திருந்தாள். எதற்கு மூன்று? ஒன்றை எடுத்து அலுமாரிக்குள் வைத்தாள்.

புத்தக அறைக் கதவை உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள். தாழ்வாக. முழங்கால் உயரத்தில்.

"உம்மா. இருட்டா ஈக்கு."

ஸக்கியா தாயின் பின்னால் ஒளிந்தாள். "யார்ட புள்ள உம்மா அது?"

ரிப்காவுக்குத் தெரியவில்லை. கதவின் அடியிடுக்கில் சின்ன விரல்கள். கடித்த நகங்கள். கதிரையை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்தாள்.

விரல்கள் கதிரைக் காலைப் பிடித்துக்கொண்டன.