மாவு பூசிய நாக்குகள்

கடலடிச் சுரங்கத்துக்குள் போகிற எவரும் முதலில் நாவாய்வி என்கிற நாக்குச் சோதனைக் கருவியின் முன் நாக்கை நீட்டியாக வேண்டும். உடம்பில் வைட்டமின் பி12 குறைந்தால் நாக்கின் சொரசொரப்பு தேய்ந்து, சிவந்து வழுவழுப்பாகிவிடும். மூன்று வேளையும் அந்தச் சத்தில்லாத பாசியைத் தின்கிற அந்தக் கடலடி ஊரில் அது வராதிருந்தால்தான் அதிசயம். குறையுள்ளவர்களை நாவாய்வி கரைக்கு அனுப்பிவிடும். அங்கே ஊசி போட்டுக் குணமாக்குவார்கள். அதற்குள் வேலைக்கு வேறு ஆள் வந்திருப்பான்.

அதனால் சுரங்கத்து ஆட்கள் எல்லாரும் உள்ளே போகுமுன், கரையிலிருந்து ரகசியமாக வரவழைத்த இட்லி மாவை நாக்கில் பூசிக்கொண்டார்கள். பார்வைக்குச் சொரசொரப்பாகத் தெரியும். இந்த மாதிரிக் கெட்டிக்காரத்தனத்துக்கு நம் ஆட்களிடம் என்றைக்கும் குறைச்சல் இல்லை.

கரையில் நர்ஸாக இருந்த எமல்டா, சுரங்கத்தில் வேலை பார்க்கும் கணவன் செலஸ்டினோடு இருக்க இரண்டு மாதம் முன்புதான் இறங்கி வந்திருந்தாள். சலவைக் கூடத்தில் வேலை; அங்கே நாக்குச் சோதனை கிடையாது. செலஸ்டின் சுவரைப் பிடித்து நடந்தான், சொன்னதை மறந்தான். நேற்றுக் கை பொறுக்காத வெந்நீரில் காலை வைத்துவிட்டு, சூடு தெரியாமல் நின்றான். இன்று சுரங்க வாசலில் அவன் மாவு டப்பாவை எடுத்ததும் அவள் தடுத்தாள்.

"நரம்பு செத்துட்டுன்னா ஊசி போட்டாலும் திரும்பாதுங்க. புத்தியும் தடுமாறும். இன்னிக்கு மாவு வேண்டாம்."

"வேலை போயிருமேட்டி."

"காலு போனா மட்டும் வேலை இருக்குமா?"

செலஸ்டின் டப்பாவைப் பைக்குள் வைத்தான். "சரி. நீ முதல்ல நீட்டு. அது ஒழுங்கா சொல்லுதான்னு பாப்போம்."

எமல்டா சுரங்கக் கதவருகே இருந்த நாவாய்வியின் முன் போய் நாக்கை நீட்டினாள். கரைச் சாப்பாட்டின் சத்து இன்னும் மிச்சமிருந்த, நல்ல நாக்கு அது.

சிவப்பு விளக்கு எரிந்தது. "குறை. கரைக்கு அனுப்பவும்."

தினம் பார்க்கிற நாக்குகளைக் கொண்டு தன் பாடத்தைத் தானே திருத்திக்கொள்ளும் கருவி அது. நான்கு வருடமாக அது பார்த்ததெல்லாம் மாவு நாக்கு. இப்போது அதற்கு மாவுதான் ஆரோக்கியம்.

"எனக்கு ஒண்ணுமில்லங்க, அதுதான் தப்பா படிச்சிருக்கு" என்றாள் எமல்டா. காவலர்கள் அவளைக் கரைக்குப் போகும் மின்தூக்கிக்குள் ஏற்றினார்கள்.

செலஸ்டினின் கண் கலங்கியிருந்தது. "குறை இருந்தா புத்தி தடுமாறும்னு நீதானட்டி சொன்ன. பாவம், உனக்குத்தான் இருந்திருக்கு. பயப்படாமப் போயி ஊசி போட்டுட்டு வா."

பையிலிருந்த டப்பாவைத் திறந்து மாவைப் பூசிக்கொண்டு நாக்கை நீட்டினான். பச்சை விளக்கு எரிந்தது.

அவன் உள்ளே போவதை எமல்டா மின்தூக்கியின் கம்பிக்கதவு வழியே பார்த்தாள். இடது செருப்பு வாசலிலேயே கழன்று கிடந்தது. அது தெரியாமல் அவன் நடந்துகொண்டிருந்தான்.