காலுக்கு வெந்நீர்

அன்று காலையில் லெய்லா உம்மா கடைசியாகச் சாப்பிடக் கேட்டது பாண் ரொட்டியின் கரைத் துண்டு. எப்போதும் அவருக்கு அதுதான் வேண்டும். பிளேன்டீயில் தோய்த்து, வாயில் கரையவிட்டுச் சாப்பிடுவார். மூத்த மகள் றுக்கியா இரண்டு பக்கத்துக் கரையையும் வெட்டித் தட்டில் வைத்தாள். உம்மா ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை அவள் பக்கம் தள்ளினார்.

"நீயும் தின்னு மகள். வெறும் வயித்தோட உப்பளத்துல போய் நிக்காதெ."

"எனக்குப் பசிக்கல்ல."

பசித்தது. ஆனால் பின் விறாந்தையிலிருந்து வாசனை வந்ததும் அவள் தட்டை ஒதுக்கிவிட்டாள். எலுமிச்சம்புல் போட்டுக் கொதித்த தண்ணீரும், எரிந்து மீந்த வாசனை மெழுகுதிரியும் கலந்த வாசனை. தங்கச்சி றிஸ்மினா தன் ஸ்பாவை ஆயத்தம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

கண்டக்குழியில், பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்கள் தங்கும் ஒரு ஹோட்டலில் அவளுக்கு வேலை. அங்கே பெண்களுக்குக் கால் பிடித்துவிடுவாள், எண்ணெய் தேய்ப்பாள். காற்று நின்று ஹோட்டலை மூடியதும் பாலாவியில் இருக்கும் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்த கையோடு பின் விறாந்தையில் பழைய சாரியைத் திரையாகக் கட்டி, கைபிடி வைத்த கதிரையை இழுத்துப் போட்டு, துவாயைச் சுருட்டிக் கழுத்துக்கு வைத்து, நீலப் பேசினில் வெந்நீர் ஊற்றி, உம்மாவை உட்கார வைத்தாள். போனில் அலைச் சத்தம் போட்டாள்.

"கடல் இந்தா கெடக்குது. அதெ என்னத்துக்கு மகள் போன்ல போடுற?" என்று உம்மா கேட்டார். கண்ணில் வைத்த வெள்ளரிக்காய்த் துண்டை எடுத்துத் தின்றுவிட்டு, "கொஞ்சம் உப்பும் மொளகாயும் போட்டிருந்தா நல்லா இரிந்திருக்கும்" என்றார். றிஸ்மினா விழுந்து விழுந்து சிரித்தாள். குசினிக்குள் நின்ற றுக்கியாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

எத்தனை வருடம் அவள் எண்ணெய்க் கிண்ணத்தோடு அந்தக் காலடியில் போய் உட்கார்ந்திருப்பாள்! தொட்டதும் உம்மா காலை இழுத்துக்கொள்வார். "விடு மகள், போய்ப் படு." அவ்வளவுதான். அதே கால்கள் இப்போது தினமும் றிஸ்மினாவின் மடியில் கிடந்தன. ஹோட்டலுக்கு வந்த சீமாட்டியைப் போல உம்மா கண்ணை மூடிக்கொண்டு, மெல்லிய குரலில் அவளோடு மட்டும் ஏதோ கதைத்தார். றுக்கியா கிட்டப் போனால் அந்தக் கதை நின்றுவிடும்.

மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு வந்த குடும்பம். வாப்பா மவுத்தான பிறகு உப்பளத்தில் இறங்கியவள் றுக்கியா. தங்கச்சியைப் படிக்க வைத்தவளும் அவள்தான். பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் பேச வேண்டிய ஊரில் அவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு வீடு. "அத தங்கச்சிக்கு எழுதுங்க" என்று சொன்னதும் அவள். இன்று றிஸ்மினாவின் மாப்பிள்ளை ஹுனைஸ் கத்தாரில். றுக்கியா குசினியை ஒட்டிய அறையில். அதைப்பற்றி அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. உம்மாவின் மனதில் தனக்கு ஓர் இடம் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் எல்லாவற்றையும் தாங்கினாள். இப்போது அந்த இடமும் கையை விட்டுப் போகிறதே...

"ராத்தா, இண்டைக்கு உங்கட முறை. வாங்க, இரிங்க" என்று றிஸ்மினா அக்காவைக் கூப்பிட்டாள்.

"எனக்கு வேலைக்கு நேரம் போகுது."

"கொஞ்சம் இரி மகள்" என்றார் உம்மா. "எனக்காக இரி."

உம்மாவின் சொல்லைத் தட்ட முடியாமல் உட்கார்ந்தாள். இடது காலைத் தண்ணீருக்குள் வைத்ததும் குதிகால் வெடிப்பு தீப்பட்டதுபோல் எரிந்தது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இதுல என்னத்தப் போட்டிரிக்கிற?"

"உப்பு ராத்தா. ஹோட்டல்ல எல்லாருக்கும் போடுறதுதான். காலு அலுப்பு போகும்."

"உப்பு." றுக்கியா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கண்டு றிஸ்மினா ஓர் அடி பின்னுக்குப் போனாள். "நாள் முழுக்க உப்புத் தண்ணில நிக்கிறவளுக்கு வீட்டுலயும் உப்புத் தண்ணி வெக்கிறியா? வெள்ளைக்காரிக்கு அது ஸ்பா. எனக்கு அது வேலை."

"நான் அப்பிடி நெனக்கல்ல ராத்தா..."

"நீ எப்ப நெனச்ச? வீடு உன்ட. ஹோட்டல் உன்ட. உம்மாவும் உன்ட. நக்கல் பண்ண மட்டும் நான் வேணும்."

"றுக்கியா, வாயப் பொத்து" என்றார் உம்மா.

"நான் தொட்டா இழுத்துக்கிற காலெ இவளுக்கு நீட்டிக்கிட்டு இரிக்கிறீங்க. என்ட கை சொரசொரப்பு. அவட கை பூ. எனக்கு வெளங்குது உம்மா. நல்லா வெளங்குது."

எழும்பும்போது காலால் பேசினைச் சரித்துவிட்டாள். தண்ணீர் திரைக்கு அடியால் ஓடி மணலில் இறங்கியது. வாசலில் ஸலாம் சொல்லாமல் அவள் வேலைக்குப் போனது அன்றைக்கு மட்டும்தான்.

உப்பைக் கூட்டிக் குவிக்கும்போதும் மனதுக்குள் அவள் உம்மாவோடு சண்டை பிடித்துக்கொண்டே நின்றாள். நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னால் பக்கத்து வீட்டு நூஹு நானா முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார்.

"உம்மாக்குக் கொஞ்சம் ஏலாம இரிக்கி. வா மகள்."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டில் உம்மாவின் முகத்தை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். மாரடைப்பு என்றார்கள். கதிரையில் சாய்ந்தபடியே போய்விட்டாராம்.

அந்தப் பக்கத்தில் பெண்களுடைய மையித்தைக் குளிப்பாட்டுகிறவர் பஸீஹா மாமி. தண்ணீர் ஓட வசதியான இடம் பின் விறாந்தைதான். றிஸ்மினா கட்டிய சாரித் திரையே மறைப்பாக நின்றது. மெழுகுதிரிகளை யாரோ மூலைக்கு ஒதுக்கியிருந்தார்கள். இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர் வந்தது. மாமி கை வைத்துச் சூடு பார்த்தார்.

"ரெண்டு மக்களும் நில்லுங்க."

றுக்கியா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "தங்கச்சி செய்யட்டும் மாமி. என்ட கை உம்மாக்குப் புடிக்காது."

மாமி நிமிர்ந்து பார்த்தார். "ஆரு சொன்ன?"

"நான் தொட்டா உம்மா காலெ இழுத்துக்கிருவா."

"அதெயா மனசுல வெச்சிக்கிட்டு நிக்கிற?" மாமியின் குரல் தணிந்தது. "போன நோம்புல உன்ட உம்மா எனக்கு ஒரு பொறுப்புத் தந்திரிக்கிறா. நான் மவுத்தாப் போனா என்ட காலெ றுக்கியா கழுவோணும் எண்டு. உசிரோட இரிக்கிற வரைக்கும் உனக்குக் காலெக் குடுக்க மாட்டாவாம். நாள் முழுக்க உப்பளத்துல குனிஞ்சி நிக்கிற புள்ளெ, வீட்டுக்கு வந்தும் என்ட காலடில குனியோணுமா பஸீஹா எண்டு கேட்டா. வா, புள்ளெ. புடி."

றுக்கியா வந்தாள். மாமி காட்டித் தந்தபடி முதலில் வலது காலைக் கழுவினாள். விரல் இடுக்குகளைக் கழுவினாள். பிறகு இடது கால். குதிகால் மிருதுவாக இருந்தது. அது றிஸ்மினாவின் கைவேலை. அந்த நேரத்திலும் நெஞ்சில் சுருக்கென்றது. மையித்தின் காலைப் பிடித்துக்கொண்டும் பொறாமைப்பட முடியும் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. குனிந்த தலை நிமிராமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டேயிருந்தாள்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாவை அடக்கக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் காலையில், வந்தவர்கள் கலைந்த பிறகு, றுக்கியா பின் விறாந்தையில் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தாள். றிஸ்மினா நீலப் பேசினைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தாள். ஆவி பறந்தது.

"உப்பு இல்ல ராத்தா."

"இப்ப என்னத்துக்குடி இது..."

"நீங்க போன பொறகு உம்மாதான் வெக்கச் சொன்னா. பேசினெ நல்லாக் கழுவி வெறும் தண்ணி வை, அவட காலு எரியும், வந்து இரிப்பா, எனக்குத் தெரியும் எண்டு. நான் அடுப்படில தண்ணி கொதிக்க வெச்சிட்டு வந்து பாத்தா..." றிஸ்மினா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு முகத்தைத் துடைத்தாள். "இது எல்லாமே உங்களுக்குத்தான் ராத்தா. நேரா கூப்பிட்டா அவ இரிக்க மாட்டா, மொதல்ல எனக்குச் செய், கண்டு கண்டு மனசு வரும் எண்டு உம்மாதான் சொன்னா. கண்ணை மூடிக்கிட்டு என்ன கதைப்பா தெரியுமா? இந்த எடத்துல றுக்கியாக்கு வெடிச்சிரிக்கி. இங்க மெதுவாப் புடி. அவ வலிக்குது எண்டு சொல்ல மாட்டா, நீதான் மொகத்தெப் பாக்கோணும். ஒவ்வொரு நாளும் இதேதான். நான் உம்மாட காலெப் புடிக்கிறன், உம்மா உங்கட காலெ நெனச்சிக்கிட்டு இரிக்கிறா. எனக்கு எவ்வளவு எரிச்சல் தெரியுமா ராத்தா?"

றுக்கியா தங்கச்சியை நிமிர்ந்து பார்த்தாள். தனக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்த ஒன்றை அந்த முகத்தில் கண்டாள்.

"உனக்குமா?"

"ஓம். சின்ன வயசுல இருந்தே."

றுக்கியா அவளை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. திரைக்குப் பின்னால் இரண்டு பேரும் சத்தம் போட்டு அழுதார்கள். பேசினில் ஆவி அடங்கும்வரை அழுதார்கள்.

பிறகு றுக்கியா கதிரையில் ஏறி உட்கார்ந்து, கால்களை நீட்டினாள்.

இப்போதும் கண்டக்குழி ஹோட்டலை மூடும் காலத்தில் றிஸ்மினா வந்து திரை கட்டுகிறாள். வெந்நீர் வைக்கிறாள், எண்ணெய் தேய்க்கிறாள், வெள்ளரிக்காய் வெட்டுகிறாள். பாணின் இரண்டு கரைத் துண்டுகளையும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்கிறார்கள். றுக்கியா உப்பளத்துக்குப் போவதை விடவில்லை. அவளுடைய இடது குதிகால் வெடிப்பு இன்னும் மூடவில்லை.