லாச்சிக்குள் கிடந்தவள்

சிவநேசம் ஏறி உள்ளே வந்த பிறகும் பஸ் சாரதி கதவை மூடவில்லை. வெளியே பார்த்தபடி இருந்தார். தரிப்பிடத்தில் ஒருவரும் இல்லை, பனிதான் கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு யாரோ ஏறிவிட்டதுபோலத் தலையை ஆட்டிவிட்டுக் கதவை மூடினார்.

வீடிருந்த பியர்பொன்ட்ஸ் வரைக்கும் நீண்ட ஓட்டம். ஈரச் சப்பாத்தும் ஈரக் கம்பளியும் மணந்த அந்தப் பஸ்ஸுக்குள், எத்தனை தரம் கழுவியும் விடாமல், அவர் கையிலிருந்து மட்டும் மெழுகும் பூச்சிமருந்தும் நெடுநாள் பூட்டிக் கிடந்த அலுமாரியின் புழுக்கமும் கலந்த ஒரு வாசம் எழும்பிக்கொண்டேயிருந்தது.

நூதனசாலையில் அவருக்குத் துப்புரவு வேலை. அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டியை வருடக்கணக்காகத் துடைத்து வந்தார். உள்ளே முழு எலும்புக்கூடு. 'பெண், இலங்கை, இருபது வயதளவில்' என்று அட்டை. யார் பெற்ற பிள்ளை, யார் கொண்டுவந்தது, ஒன்றும் அதில் இல்லை. மகள் பிரஷாந்தினிக்கும் அதே வயது வந்த பிறகு அட்டைப் பக்கம் பார்க்காமலே துடைக்கப் பழகிக்கொண்டார்.

இன்று பொறுப்பாளர் பெண்மணி, மரியாதைக்காக இனிக் காட்சிக்கு வைப்பதில்லை என்று சொல்லிவிட்டாள். சிவநேசமும் கூட வேலைசெய்யும் றெக்ஸும் நிலவறைக்குத் தூக்கிப் போனார்கள். ஒவ்வோர் எலும்புக்கும் அளவெடுத்துப் பள்ளம் வெட்டிய சாம்பல்நிற ஸ்பொஞ்ச். அதில் அடுக்கி, சுவரோடு இழுத்துத் திறக்கிற இரும்பு லாச்சிக்குள் தள்ளினார்கள். காறை எலும்பில் கறுத்த மையில் ஓர் இலக்கம் எழுதியிருந்தது.

"எப்பயடா எரிப்பினம்?"

"எரிக்கிறதோ? அண்ணைக்கு விசர். ஆராய்ச்சிக்கு வேணுமாம். இனி இதுதான் அவவின்ர அப்பார்ட்மென்ட்."

சிவநேசம் சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது. பூட்டும்போது, யாரிடம் விடைபெற்றாலும் வருகிற சொல் வாயில் தானாக வந்தது.

"போட்டு வாறன், பிள்ளை."

றெக்ஸின் முகம் மாறியது. "செத்த வீட்டில ஆரும் அப்பிடிச் சொல்லுவினமே, அண்ணை? சொல்லாமலெல்லோ வெளிக்கிடோணும்."

"இது செத்த வீடில்லையடா."

"எரிக்காத பிரேதம் கிடக்குது. பேந்தென்ன வீடு?"

பஸ்ஸால் இறங்கி நடந்தார். காலடியில் பனி நொறுங்கியது. பின்னாலும் நொறுங்கியது. நின்றார். அது இன்னும் ஓரடி வைத்துத்தான் நின்றது.

திரும்பவில்லை. வேகமாக நடந்தார்.

மனைவி வதனி கதவைத் திறந்தாள். அவர் தோளுக்கு மேலால் பார்த்தாள். "ஆரை வெளியில விட்டிட்டு வாறியள்? உள்ள வரச் சொல்லுங்கோவன், குளிருக்க."

"ஒருத்தரும் இல்லை."

"ரெண்டு பேர் படியேறின சத்தம் கேட்டதே." எட்டிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

"பிள்ளை எங்க?"

"தலையிடியாம். படுத்திட்டாள்."

மேலே ஏதோ இழுபட்டது. இரும்பில் இரும்பு உரசும் சத்தம். வீட்டில் இரும்பு லாச்சி கிடையாது.

ஏறினார். பாதிப் படியிலேயே அந்த வாசம் வந்தது. இப்போது கையிலிருந்து அல்ல.

மகளின் அறைக் கதவு நீக்கலாகக் கிடந்தது. நடைவெளிச்சம் கட்டிலில் விழுந்தது. கட்டிலுக்குக் கீழே அவள் உடுப்பு வைக்கும் மரலாச்சி முழுக்க வெளியே இழுபட்டிருந்தது.

உடுப்பு இல்லை. சாம்பல்நிற ஸ்பொஞ்ச். புதிதாக வெட்டிய பள்ளங்கள். தலைக்கு ஒன்று. கைகளுக்கு. விரல்களுக்குச் சின்னச் சின்னதாக. எல்லாம் வெறுமை. வெட்டிய தூள் கம்பளத்தில் சிந்திக் கிடந்தது.

பிரஷாந்தினி கட்டிலில் மல்லாந்து உறங்கினாள். மூச்சு வந்தது. சட்டைக் கழுத்துக்கு மேலே, காறை எலும்பில், கறுத்த மையில் அதே இலக்கம்.

ஈரம் காயவில்லை.

கீழே வாசல் கதவு திறந்தது. வதனி கேட்டாள், "இப்ப ஆர் போறது?"

ஓர் இளம் பெண்ணின் குரல், மிகுந்த மரியாதையோடு: "போட்டு வாறன், அப்பா."

சிவநேசம் பெருவிரலால் இலக்கத்தை அழுத்தித் தேய்த்தார். மை விரலில் வந்தது. இன்னும் தேய்த்தார். விரல் முழுக்கக் கறுத்தது.

இலக்கம் அப்படியே இருந்தது.